மூட்டம் எப்போது போதும்

புதிதாக வாங்கும் வாஷிங் மெஷினோடு ஒரு சிறு புத்தகம் வரும். அதை யாரும் படிப்பதில்லை. பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் இழுப்பறைக்குள் தள்ளிவிடுவார்கள். ஆனால் அதையும் யாரோ உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். சின்னவள் அப்படி எழுதுகிறவர்களில் ஒருத்தி. மிக்ஸி, பிரின்டர், பல் டாக்டரின் சாய்வு நாற்காலி, குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டி என்று கண்ட சாமானுக்கெல்லாம் கையேடு எழுதியே அவளுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. "நான் எழுதினதை முழுசாப் படிச்ச ஒரே ஆள் அச்சகத்துல பிழை திருத்தறவர்தான். அவரும் ரிட்டயர் ஆயிட்டார்" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள்.

பெரியவள் அவளுடைய அக்கா. தாவரவியலில் டாக்டர் பட்டம் வாங்கியவள். ஊர்ப் பூங்காவின் நடுவில் இருக்கும் கண்ணாடி வீட்டுக்கு அவள்தான் பொறுப்பு. கப்பலைக் கவிழ்த்து வைத்ததுபோல் ஒரு கூரை. அதற்கடியில் பாசி படர்ந்த பாறைகள், ஆர்க்கிட் தொங்கும் கிளைகள், கோடியில் ஆளைவிட இரண்டு மடங்கு உயரமான ஒரு பெரணி மரம். இந்தச் செடிகளுக்கு வேரில் ஊற்றும் தண்ணீர் போதாது. காற்றே ஈரமாக இருக்க வேண்டும். அதற்காகக் கூரையடியில் ஓடும் குழாய்களின் ஊசித் துளைகளிலிருந்து தண்ணீர் புகையைப்போல் மெல்ல இறங்கும். அங்கே வேலை செய்பவர்கள் அதை மூட்டம் என்பார்கள்.

அக்காவும் தங்கையும் பூங்காவை ஒட்டிய தெருவில் ஒரே வீட்டில் இருந்தார்கள். சின்னவளின் கல்யாணம் நிலைக்கவில்லை. பெரியவளுக்குக் கல்யாணம் செய்துகொள்ள நேரமே கிடைக்கவில்லை. கேட்டால் அப்படித்தான் சொல்வாள். இருவரும் பேசிக்கொள்வதைக் கேட்டால் வெளியாளுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது.

"அதை எடுத்து இதுல போட்டுட்டு அங்க வெச்சிடு" என்பாள் பெரியவள்.

"ஏற்கெனவே வெச்சாச்சு" என்பாள் சின்னவள்.

எது அது, எது இது, எங்கே அங்கே என்று சின்னவள் ஒருநாளும் கேட்டதில்லை. பேச்சு வருவதற்கு முன்பிருந்தே அக்காவின் முகத்தைப் படித்து வளர்ந்தவள் அவள்.

ஒரு வருடமாகக் கண்ணாடி வீட்டுச் செடிகள் வாடிக்கொண்டிருந்தன. பாசி பழுப்பேறியது. பெரணி மட்டைகளின் நுனி சுருண்டது. பெரியவள் குழாயைச் சோதித்தாள், தண்ணீரைச் சோதித்தாள், உரத்தை மாற்றினாள். எதிலும் குறை தெரியவில்லை. "என்னையும் நம்ப முடியல, ஆளுங்களையும் நம்ப முடியல. காலம் முழுக்க கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுட்டுப் பார்க்கிற ஒண்ணு வேணும்" என்று அலுத்துக்கொண்டாள். பூங்கா நிர்வாகத்திடம் பேசி, ஒரு ஏஐ ஏஜென்டிடம் கண்ணாடி வீட்டை ஒப்படைக்க ஏற்பாடு செய்தாள். அதைச் செய்துதரும் சிறு நிறுவனத்தில்தான் சின்னவள் அப்போது வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

விஷயம் இதுதான். குழாயைத் திறக்க, கூரைச் சன்னலைத் திறக்க, நிழல் திரையை இழுக்க என்று தனித்தனியாக மென்பொருள் கருவிகள் ஏற்கெனவே இருந்தன. இதுவரை மனிதர்கள் அவற்றை அழுத்திக்கொண்டிருந்தார்கள். இனி ஏஜென்ட் இயக்கும். ஆனால் அதற்கு அந்த வீட்டைப் பார்க்கக் கண் கிடையாது. ஒவ்வொரு கருவிக்கும் எழுதி வைத்திருக்கும் விளக்கத்தைப் படித்து, எதை எப்போது எவ்வளவு இயக்குவது என்று அதுவே முடிவு செய்யும். அந்த விளக்கங்களை எழுதுவது சின்னவளின் வேலை.

கருவிகளைச் செய்த பொறியாளருக்கு அலுவலகத்தில் 'சரி' என்றே பெயர். எதைக் கேட்டாலும் அந்த ஒரு சொல்தான் வரும். அவர் செய்த கருவிகளும் அவரை உரித்து வைத்திருந்தன. எதை இயக்கினாலும் 'சரி' என்று பதில் சொல்லும். அதற்குமேல் வாயைத் திறக்காது.

சின்னவள் உற்சாகமாக எழுதினாள். வாழ்நாளில் முதல்முறையாக, எழுதியதை ஒரு சொல் விடாமல் படிக்கப்போகும் வாசகர் கிடைத்திருக்கிறார். மூட்டம் கருவிக்கு அவள் எழுதியது இவ்வளவுதான்: 'செடிகளுக்குத் தேவையான மூட்டத்தைப் போடும். அளவைத் தேவைக்கேற்பக் கொடுக்கவும்.' படித்துப் பார்த்தாள். தெளிவாக இருந்தது. கண்ணாடி வீட்டுக்குள் சிறு வயதிலிருந்து போய்வருகிறவளுக்கு அது தெளிவாகத்தான் இருக்கும்.

ஒப்படைத்த நாள் காலையில் இருவரும் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். சின்னவள் சன்னல் பக்கம் திரும்பினாள். எதிர்வீடு இல்லை.

எதிர்வீடு மட்டுமல்ல, தெருவும் இல்லை. வெள்ளையாக, மெதுவாக, பால் கொதித்துப் பொங்குவதைப்போல ஏதோ ஒன்று பூங்காவின் பக்கமிருந்து வந்து தெருவை நிரப்பிக்கொண்டிருந்தது. விளக்குக் கம்பத்தின் தலை மட்டும் மேலே மிதந்தது. கீழே ஒரு பஸ் நின்றிருந்தது. பஸ் என்பது அதன் மஞ்சள் விளக்கால்தான் தெரிந்தது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டிருக்க வேண்டும். அவ்வளவு அமைதி. பயணிகள் ஒவ்வொருவராக இறங்கி, கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தார்கள். யாரும் கத்தவில்லை. தெரியாதவர்களின் தோளைத் தொட்டுவிட்டு "மன்னிச்சுக்குங்க" என்று கிசுகிசுத்தார்கள். எங்கோ ஒரு பெண் சிரிக்கும் சத்தம் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் வந்தது.

"அக்கா" என்றாள் சின்னவள். "அது உன்னோட மூட்டம்."

இருவரும் ஓடினார்கள். ஓடினார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. சின்னவள் நாலு அடிக்கு ஒருமுறை எதன்மீதாவது மோதினாள். மரம், பெஞ்சு, பூங்காக் காவலாளி. பெரியவளோ எப்போதும் நடக்கிற நடையில், எந்தத் தடுமாற்றமும் இல்லாமல், நேராகப் போய்க் கண்ணாடி வீட்டின் பின்புறம் இருந்த பெரிய வால்வைத் திருகி மூடினாள். எல்லாரும் வழி தெரியாமல் நின்ற இடத்தில் அக்கா மட்டும் எப்படி இப்படிப் போனாள் என்று சின்னவளுக்கு ஒரு கணம் தோன்றியது. பழகிய இடம், அதனால்தான் என்று விட்டுவிட்டாள்.

நடந்தது என்ன என்று பதிவுகளைப் பார்த்தபோது தெரிந்தது. ஏஜென்ட் காலையில் விளக்கங்களைப் படித்திருக்கிறது. காற்றில் ஈரம் குறைவு என்று கண்டு மூட்டம் கருவியை இயக்கியிருக்கிறது. 'சரி' என்று பதில் வந்தது. காற்றின் ஈரத்தை அளக்கும் ஈரமானியைப் பார்த்தது, எண் மாறவில்லை. ஈரமானி நிதானமாகத்தான் மாறும், அது அதன் சுபாவம். ஆனால் அதை யாரும் ஏஜென்டுக்குச் சொல்லவில்லை. அதனால் மறுபடி இயக்கியது. மறுபடி 'சரி'. உண்மையில் அந்தச் 'சரி'க்கு 'நீ சொன்னது காதில் விழுந்தது' என்றுதான் அர்த்தம். வேலை முடிந்தது என்றல்ல. ஒவ்வொரு கட்டளையும் வரிசையில் போய் நின்றுகொண்டது. கடைசியில் ஈரமானி உச்சத்துக்கு ஏறியதும் ஏஜென்ட் ரொம்பப் பொறுப்பாகக் கூரைச் சன்னல்கள் அத்தனையையும் திறந்துவிட்டது. வரிசையில் நின்ற மூட்டம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

"அது சொன்ன பேச்சு கேட்டிருக்கு. நான்தான் ஒழுங்காச் சொல்லல" என்றாள் சின்னவள். முகம் சுண்டிப்போயிருந்தது.

பொறியாளர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் வாழ்நாளிலேயே நீளமான வாக்கியத்தைப் பேசினார். "என் கருவி சொன்ன பதிலும் பொய்தாங்க. அதை நான் மாத்திடறேன்."

பூங்கா நிர்வாகி வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். விளக்கங்களைத் திருத்தும்வரை பழையபடி கையால் இயக்கும்படி உத்தரவு போட்டுவிட்டுப் போனார். ஆனால் ஊரில் யாரும் பெரிதாகக் கோபித்துக்கொள்ளவில்லை. சில நாள் கழித்தும், அன்று மூட்டத்துக்குள் நடந்ததை ஏதோ எல்லாரும் சேர்ந்து கண்ட கனவைப்போல் கடைகளில் பேசிக்கொண்டார்கள்.

அதைவிட விசித்திரம் கண்ணாடி வீட்டுக்குள் நடந்தது. அந்த வாரம் பாசி பச்சை கட்டியது. பெரணி மரத்தின் நடுவிலிருந்து, வெகுநாளாக மூடிக்கிடந்த சுருள் ஒன்று மெல்ல அவிழத் தொடங்கியது.

"நல்லதாப் போச்சு, புது ஆளு பண்ணின கூத்துல செடி பிழைச்சிடுச்சு" என்றாள் பெரியவள். ஏஜென்டை அவள் புது ஆள் என்றுதான் சொல்வாள். சொன்னாளே தவிர, அவளுக்கும் அது ஏன் என்று பிடிபடவில்லை.

சின்னவள் விளக்கங்களைப் புதிதாக எழுத உட்கார்ந்தாள். இந்தமுறை வீட்டு மேசையில் அல்ல, கண்ணாடி வீட்டுக்குள்ளேயே ஒரு மடக்கு நாற்காலி போட்டுக்கொண்டாள். மடியில் லேப்டாப். தலைக்குமேல் கண்ணாடியில் மேகங்கள் போய்க்கொண்டிருந்தன. அவற்றின் நிழல் இலைகளின்மேல் தவழ்ந்து இறங்கியது. எதிரில் அக்கா ஒரு பாறைமேல் உட்கார்ந்து, பதில் சொல்லும் தண்டனையை அனுபவித்துக்கொண்டிருந்தாள்.

"மூட்டம் எதுக்குப் போடறோம்?"

"என்னடி கேள்வி இது? உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். அதுக்குத் தெரியாது."

"அப்போ சொல்லிக் கொடு. ஒரு வாட்டி சொன்னா ஞாபகம் வெச்சுக்காதா?"

"வெச்சுக்காதுக்கா. ஒவ்வொரு நாளும் காலைல அது புதுசாத்தான் கண்ணு முழிக்குது. நேத்து நடந்தது எதுவும் அதுக்கு ஞாபகம் இருக்காது. நான் எழுதி வெச்சிருக்கிறதுதான் அதுக்கு உலகம். அதுல இல்லாதது அதுக்கு இல்லவே இல்ல."

பெரியவள் பாறையின் பாசியை விரலால் தடவினாள். ஒவ்வொரு காலையும் எதுவும் தெரியாமல் கண் விழித்து, தலைமாட்டில் யாரோ எழுதி வைத்த பக்கத்தை முதலில் படிக்கும் ஒரு உயிரை நினைத்துப் பார்த்தாளோ என்னவோ. "பாவம்டி" என்றாள். அதற்குப்பின் அவள் பதில்களில் எரிச்சல் குறைந்தது.

கேள்விகள் போய்க்கொண்டே இருந்தன. மண் காய்ந்திருந்தால் மூட்டம் போடலாமா? கூடாது, அதற்குப் பாசனக் குழாய் இருக்கிறது. சன்னல் திறந்திருக்கும்போது போடலாமா? போட்டால் தெருவுக்குத்தான் போகும், பட்டது போதாதா? இப்படித் தனக்குத் தெரிந்ததையெல்லாம் தெரியாதவள்போல் கேட்டுக் கேட்டு வந்ததில், சின்னவளுக்கு நிஜமாகவே தெரியாத ஒரு கேள்வி வந்தது.

"எப்போ நிறுத்துவ?"

"என்னத்தை?"

"மூட்டத்தை. போதும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"கதவுகிட்ட நின்னு பார்ப்பேன். கோடியில இருக்கிற பெரணி மரம் மறைஞ்சிடுச்சுன்னா போதும். நான் வேலைக்குச் சேர்ந்ததுல இருந்து அதுதான் கணக்கு."

"புது ஆளுக்குக் கண்ணு கிடையாதே. அந்த நேரத்துல ஈரமானி என்ன காட்டுதுன்னு பார்த்து எழுதிடலாம். வா, போட்டுப் பார்ப்போம்."

பெரியவள் கதவருகே போய் நின்றாள். சின்னவள் ஈரமானிக்குப் பக்கத்தில் நின்று மூட்டத்தைத் திறந்தாள். கூரையடியில் மெல்லிய சீறல் கேட்டது. வெயில் பட்ட இடத்தில் நூல் நூலாக ஏதோ இறங்குவது தெரிந்தது. இன்னும் அது மூட்டம்கூட ஆகவில்லை, வெறும் மினுமினுப்பு.

"போதும், நிறுத்து" என்றாள் பெரியவள்.

சின்னவள் சிரித்தாள். "விளையாடாதேக்கா. இப்பதான் ஆரம்பிச்சிருக்கு."

"நான் எதுக்கு விளையாடறேன்? அதான் மறைஞ்சிடுச்சே. நிறுத்து."

சின்னவள் திரும்பிப் பார்த்தாள். பெரணி மரம் கோடியில் அப்படியே நின்றது. ஒவ்வொரு மட்டையும் தெளிவாக இருந்தது. புதிதாக அவிழும் சுருளின்மேல் இருந்த பொன்னிற ரோமம்கூட அவளுக்குத் தெரிந்தது. மூட்டத்தை நிறுத்திவிட்டு மெதுவாக நடந்து அக்காவின் அருகில் வந்தாள்.

"அக்கா, இங்கிருந்து பார்த்தா உனக்கு என்ன தெரியுது?"

"என்ன தெரியும்? வெள்ளையாத் தெரியுது."

இலைகளிலிருந்து நீர் சொட்டுவது மட்டும் கேட்டது. சின்னவளின் மனதில் ஒன்றன்பின் ஒன்றாக ஏதேதோ வந்து ஒட்டிக்கொண்டன. தேநீர் ஊற்றும்போது கோப்பையின் விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்து ஊற்றும் அக்கா. 'இப்பல்லாம் எழுத்தையே சின்னதா அடிக்கிறானுங்க' என்று பத்திரிகையை விட்டுவிட்ட அக்கா. எல்லாரும் தடுமாறிய அந்தக் காலையில், எதுவுமே மாறாததுபோல் நேராக நடந்துபோன அக்கா. அக்காவின் முகத்தைப் படிக்கத் தெரியும் என்று இத்தனை காலம் இருந்தவள், அந்த முகத்திலிருந்த கண்ணைப் பார்க்கவில்லை.

"எவ்வளவு நாளா இப்படி?"

"எப்படி?"

"மரம் அங்கதான் நிக்குதுக்கா. மறையவே இல்ல."

பெரியவள் முதலில் கோபப்பட்டாள். கண்ணாடி அழுக்கு என்றாள், வெயில் எதிரில் அடிக்கிறது என்றாள், உனக்கு எப்போதும் எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடிக்க வேண்டும் என்றாள். பிறகு பாறைமேல் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"கொஞ்சம் கொஞ்சமாத்தான் வந்துச்சு" என்றாள். "வயசானா எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்போலன்னு விட்டுட்டேன். அப்புறம்... உனக்குச் சொன்னா சிரிப்ப. அது அழகா இருக்கும்டி. சாயங்காலம் விளக்கு ஏத்தினா ஒவ்வொரு விளக்கும் பூ மாதிரி விரியும். எதுக்கும் ஓரமே கிடையாது. மரமும் வானமும் ஒண்ணா கலந்து, தூங்கறதுக்கு முன்னாடி தெரியுமே, அந்த மாதிரி. இதைப் போய் வியாதின்னு யார்கிட்ட சொல்றது?"

"அதனாலதான் சொல்லலையா?"

பெரியவள் கையிலிருந்த ஈரத்தைப் புடவையில் துடைத்தாள். "கண்ணு தெரியாதவளை இங்க வெச்சிருப்பாங்களா? இந்த வீட்டை விட்டா எனக்கு என்ன இருக்கு?" என்றாள். கொஞ்சம் கழித்து, அவளுக்கே அப்போதுதான் உறைத்ததுபோல், "ஒரு வருஷமா நானே இதுங்களைத் தாகத்துல போட்டிருக்கேன், பாரேன்" என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது.

சின்னவள் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தோளோடு தோள் படும்படி உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். வெகுநேரம் கழித்து, "நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்" என்றாள். பெரியவள் மறுக்கவில்லை.

கண் டாக்டர் கலகலப்பான பெண்மணி. "புரை நல்லா முத்திப்போய் இருக்கு. இவ்வளவு நாள் எப்படிங்க சமாளிச்சீங்க?" என்று கேட்டார். "வீட்டுல ஒருத்தி இருக்கா. நான் பாதி சொன்னாலே மீதியை அவளே செஞ்சுடுவா" என்றாள் பெரியவள். டாக்டர் சிரித்தார். சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தான் இத்தனை நாள் செய்துகொடுத்த அந்த மீதிதான் அக்காவின் கண் கோளாறை மறைத்து வைத்திருந்தது என்று அவளுக்குத் தோன்றியது. பூங்கா நிர்வாகியிடம் இருவரும் போய் உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தனக்கும் போன வருடம் வலது கண்ணில் இதே ஆபரேஷன் நடந்ததாகவும், வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொல்லவில்லை என்றும் ரகசியமாகச் சொன்னார்.

முதல் கண்ணில் ஆபரேஷன் முடிந்து வந்த நாள் பெரியவள் கட்டிலில் படுத்திருந்தாள். ஒரு கண்ணில் கட்டு. இன்னொரு கண்ணையும் மூடிக்கொண்டு ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அறையில் மத்தியானக் காற்று திரைச்சீலையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. சும்மா கிடக்கத் தெரியாதவள் புரண்டுகொண்டே இருந்தாள்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"படி. நான் கேக்கிறேன்."

சின்னவள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து படித்தாள்.

"மூட்டம். இது கூரைக் குழாய்களிலிருந்து மிக நுண்ணிய நீர்த்துளிகளை இறக்கும். காற்று உலர்ந்திருக்கும்போது மட்டும் பயன்படுத்தவும். மண் உலர்ந்திருந்தால் இது உதவாது. அதற்குப் பாசனம் என்ற கருவி இருக்கிறது. கூரைச் சன்னல்கள் மூடியிருக்கின்றனவா என்று முதலில் பார்க்கவும். அளவை நிமிடங்களில் கொடுக்கவும். 'ஏற்றுக்கொண்டேன்' என்று பதில் வந்தால் வேலை தொடங்கப்போகிறது என்று பொருள். 'முடிந்தது' என்று வந்தால்தான் முடிந்தது. ஈரமானி மெதுவாகவே மாறும். எண் மாறவில்லை என்பதற்காக மறுபடி இயக்க வேண்டாம். காத்திருக்கவும்."

"காத்திருக்கவும்" என்று பெரியவள் திருப்பிச் சொன்னாள். "நல்லா இருக்கு. மேல படி."

"நிழல் திரை. வெயில் ஆர்க்கிட்களின்மேல் நேராக விழும்போது இழுக்கவும். முழுவதும் இழுத்தால் உள்ளே இருட்டாகிவிடும். பாசிக்கு அது பிடிக்கும், ஆர்க்கிட்டுக்குப் பிடிக்காது."

"பெரணியை விட்டுட்டியே. அதுக்குக் காலை வெயில் வேணும். இளசா, சாய்ஞ்சு வர்ற வெயில்."

சின்னவள் தட்டச்சு செய்தாள். மறுபடி படித்தாள். குழாய், சன்னல், திரை, தண்ணீர்த் தொட்டி என்று ஒவ்வொன்றாக அந்த வீடு அறைக்குள் எழும்பியது. பெரியவளின் புரளல் நின்றது. மூடிய கண்ணுக்குள் அவள் ஒவ்வொரு பாதையிலும் நடந்துகொண்டிருப்பது முகத்தில் தெரிந்தது. சின்னவள் படித்த வாக்கியம் ஒரு பாதையில் திரும்பியபோது அவளும் தலையை இலேசாகச் சாய்த்தாள், தாழ்ந்த கிளைக்குக் கீழே குனிவதுபோல.

"எப்பவாவது ஒரு அளவு மத்ததோட ஒத்துவரலைன்னா அது என்ன செய்யும்?" என்று தூக்கக் கலக்கத்தில் கேட்டாள்.

"தெரியலையே. என்ன செய்யணும்?"

"எதுவும் செய்யக் கூடாது. நம்மகிட்ட கேக்கணும். கேக்கிறதுல வெக்கப்படக் கூடாதுன்னு எழுது."

"வெக்கம் எல்லாம் அதுக்கு இருக்காதுக்கா."

"இருந்தா?"

சின்னவள் எழுதினாள்: 'ஏதேனும் ஒரு அளவு மற்றவற்றோடு ஒத்துவராவிட்டால் எதையும் இயக்க வேண்டாம். எங்களிடம் கேட்கவும். எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம்.' நிமிர்ந்து பார்த்தபோது பெரியவள் தூங்கிவிட்டிருந்தாள்.

கட்டு அவிழ்ந்த அன்று பெரியவள் முதலில் தங்கையைத்தான் பார்த்தாள். நன்றாக, நெடுநேரம் பார்த்தாள்.

"உனக்கு எப்படி இவ்வளவு நரைச்சிடுச்சு?"

"வீட்டுக்கு வா. பரண்ல இருக்கிற ஒட்டடையைப் பார்த்தா இது ஒண்ணுமே இல்லன்னு தோணும்."

கொஞ்ச நாள் அவளுக்கு எல்லாமே கூர்மையாக இருந்தது; குத்துவதுபோல் இருக்கிறது என்று சொன்னாள். விளக்குகள் வெறும் விளக்குகளாகிவிட்டதில் அவளுக்குச் சற்று வருத்தம்தான். இன்னும் ஆபரேஷன் ஆகாத கண்ணால் மட்டும், ஆன கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, சாயங்காலத் தெருவை அவள் பார்த்துக்கொண்டிருந்ததைச் சின்னவள் ஒருமுறை பார்த்தாள். கேட்காமல் திரும்பிவிட்டாள். அந்தக் கண்ணுக்கும் நாள் குறித்தாகிவிட்டது.

டாக்டர் அனுமதி கொடுத்ததும் இருவரும் மறுபடி கண்ணாடி வீட்டுக் கதவருகே நின்றார்கள். மூட்டம் இறங்கியது. வெகுநேரம் இறங்கியது. பாறை போயிற்று, ஆர்க்கிட் போயிற்று, கடைசியாகப் பெரணி மரம் வெள்ளைக்குள் மெல்லப் பின்வாங்கியது. "இப்போ" என்றாள் பெரியவள். சின்னவள் ஈரமானியின் எண்ணை எழுதிக்கொண்டாள். அந்த எண்ணோடு விளக்கங்கள் ஏஜென்டிடம் போயின. மறுநாளிலிருந்து தெருவில் பஸ்கள் வழக்கம்போல் ஓடின. கண்ணாடி வீட்டுக்குள் பாசி பாறை தாண்டிப் பாதைக்கும் படர ஆரம்பித்தது.

ஒரு மத்தியானம் இருவரின் போனுக்கும் ஏஜென்டிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'மேற்குத் தொட்டிக்கு அடியில் உள்ள வெப்பமானி மற்றவற்றைவிட மிக அதிகமாகக் காட்டுகிறது. இதற்கான காரணம் எந்த விளக்கத்திலும் இல்லை. அதனால் எதையும் இயக்காமல் கேட்கிறேன். யாராவது போய்ப் பார்க்க முடியுமா?'

அலுவலகத்திலிருந்து சின்னவள் பூங்காவுக்கு வந்துசேர்ந்தபோது, பெரியவள் ஏற்கெனவே மேற்குத் தொட்டியின் முன்னால் ஈரத் தரையில் குப்புறப் படுத்திருந்தாள். வெறும் தரையில், புடவையெல்லாம் சேறாக, கன்னத்தைக் கல்லில் வைத்துக்கொண்டு அடியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சத்தம் போடாம வா" என்றாள்.

சின்னவளும் படுத்தாள். தொட்டிக்கு அடியில் இருந்த இருட்டு கண்ணுக்குப் பழக நேரம் பிடித்தது. வெப்பமானியின் வெள்ளைப் பெட்டிமேல் ஒரு சாம்பல் பூனை சுருண்டிருந்தது. அதன் வயிற்றோரம் ஏதோ நெளிந்தது. ஈரமாக, கண் திறக்காத குட்டிகள், ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு.

"எத்தனை?"

"எண்ண விட்டாதானே. அசைஞ்சுக்கிட்டே இருக்கு."

"எப்படி உள்ள வந்திருக்கும்?"

"அன்னைக்குச் சன்னலெல்லாம் திறந்து கிடந்துச்சே, அப்போ வந்திருக்கலாம். யாருக்குத் தெரியும்?"

சின்னவள் படுத்தபடியே போனை எடுத்து விளக்கத்தில் ஒரு வரியைச் சேர்த்தாள்: 'மேற்குத் தொட்டியின் வெப்பமானிமேல் இப்போது ஒரு பூனை குட்டி போட்டிருக்கிறது. நாங்கள் சொல்லும்வரை அதன் அளவை நம்ப வேண்டாம். அந்தப் பக்கப் பாசனக் குழாயைத் திறக்கவும் வேண்டாம்.'

உடனே பதில் வந்தது. 'ஏற்றுக்கொண்டேன். மற்ற வெப்பமானிகளை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். அந்தப் பக்கச் செடிகளுக்கு யாராவது கையால் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும்.'

"என்ன சொல்லுது?" என்று பெரியவள் கேட்டாள்.

"நம்மளை வேலை வாங்குது."

பெரியவள் சத்தம் வராமல் சிரித்தாள். பூனை தலையைத் தூக்கி இருவரையும் ஒரு முறை பார்த்தது. வீட்டுக்காரம்மா வாடகைக்கு இருப்பவர்களைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை. பிறகு தலையைச் சாய்த்துக்கொண்டது. பெரியவள் கையூன்றி எழுந்து, தண்ணீர் ஊற்ற ஒரு வாளியைத் தேடிக்கொண்டு பெரணிகளுக்கு நடுவே போனாள்.